பம்பருக்கு அடியில்

கியர் மாறும்போதெல்லாம் கார் குதிக்கிறது என்று என் கணவர் தனசீலன் வீட்டு வாசலிலேயே அதைப் பிரித்துப்போட்டார். மாற்ற வேண்டியவை கட்டைவிரல் அளவில் இரண்டு பிரஷர் சுவிட்சுகள். உள்ளே எண்ணெயின் அழுத்தம் எவ்வளவு என்று அவைதான் வண்டிக்குச் சொல்லுமாம். அவருக்குள் அழுத்தம் எவ்வளவு என்று அறிய எனக்கு அவருடைய இடது கண் போதும். அது துடித்தால் மூன்றடி தள்ளி நின்றுகொள்வேன். இன்று அந்தக் கண் காருக்கு அடியில் இருந்தது. பெரிய ஸ்பேனரைக் கேட்டவரிடம் சிறியதைக் கொடுத்துவிட்டேன். அந்த ஸ்பேனராலேயே என் வலது கணுக்காலில் ஓங்கி அடித்தார். புது சுவிட்சுகளைப் பொருத்தி, சக்கரத்தை மாட்டி, ஜாக்கியை இறக்கியதும், "ஏய், ஏறி ஸ்டார்ட் பண்ணு. பிரேக்க மிதிச்சுக்கிட்டு கியர டி-ல போடு. எண்ணெ கசியுதான்னு பாக்கணும்" என்றார். சக்கரத்துக்குக் கல்கூட வைக்காமல், முன்னால் குப்புறப் படுத்து, டார்ச்சோடு பம்பருக்கு அடியில் தலையை நுழைத்தார். வீங்கிய காலால் மிதித்தேன். முன்னே போக வண்டி முண்டுவது பாதத்தில் தெரிந்தது. வலி பொறுக்காமல் கால் சற்றே தளர்ந்தது. கார் ஒரு விரற்கடை நகர்ந்து, பம்பர் அவர் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டது. டார்ச் வெளியே உருண்டு வந்தது. "ரோகிணி... கால எடுத்துராதம்மா." பதினொரு வருடத்தில் அவர் வாயால் என் பெயரைக் கேட்டதேயில்லை. பலமெல்லாம் கூட்டி மிதித்து நிறுத்தினேன். எஞ்சின் சத்தத்தில் சரியாகத்தான் கேட்டேனா என்று சந்தேகமாக இருந்தது. "என்ன சொன்னீங்க?" என்றபடி காலை இன்னும் கொஞ்சம் தளர்த்தினேன்.