தொட்டிக்குள் கடல் இறங்கும் வேளை

பாற்கடலில் துயிலும் பெருமானின் திருவடிக்கு முதல் வணக்கம். பேச்செல்லாம் அதற்குப் பிறகு.

மருதவாணர் தம் வீட்டுக் கூடத்தில் ஒரு கண்ணாடித் தொட்டியை உப்புநீர் நிரப்பிப் பேணிவந்தார். கடலிலிருந்து ஒடித்து வந்த பவளம் ஒன்றும், கடைத் தொட்டியிலேயே பிறந்த கோமாளி மீன் ஒன்றும் அதில் வாழ்ந்தன.

தான் பிறந்த கடலில் நீர் இறங்கும் வேளைதோறும் பவளம் தன் மெல்லிய விரல்களை உள்ளிழுத்துக்கொள்ளும். அதைக் கண்ட மருதவாணர், "ஐயோ, சுண்ணாம்புச் சத்து குறைந்துவிட்டதே!" என்று பதறி மருந்துப் புட்டியைச் சாய்ப்பார். நீர் வெள்ளையாய்க் கலங்கும்.

"அக்கா, என் செவுளெல்லாம் எரிகிறது. இவருடைய அன்பாலேயே நாம் சாகப்போகிறோம். நீ கொஞ்சம் விரிந்துதான் இருந்தால் என்ன?" என்றது மீன்.

"கடல் விலகும்போது எப்படித் தம்பி விரிந்திருப்பேன்?"

"எந்தக் கடல்? நாற்புறமும் கண்ணாடிதானே இருக்கிறது!"

பவளம் மீனின் செவுள் துடிப்பதையே பார்த்திருந்தது. அடுத்த முறை அவ்வேளை வந்தபோது, உள்ளம் மட்டும் சுருங்க, விரல்களை விரித்தபடியே நின்றது. மருதவாணர் முகம் மலர்ந்து புட்டியை மூடிவைத்தார். நாளடைவில் நீர் தெளிந்தது.

"அக்கா, இப்போது அங்கே என்ன நடக்கிறது?" என்று மீன் ஒருநாள் மெல்லக் கேட்டது.

"விலகிப் போகிறது, தம்பி. பிறகு திரும்பி வரும்."

கடலையே கண்டறியாத அந்த மீன், பவளத்தை விட்டு விலகித் தொட்டியின் கோடிவரை நீந்திப் போயிற்று. அங்கே நெடுநேரம் காத்திருந்து, வாலால் சிற்றலை எழுப்பிக்கொண்டு திரும்பி வந்தது. அன்றுமுதல் நாள்தோறும் அவ்வாறே செய்தது.

இதைக் கேட்டவர் எதற்காக ஏங்குகிறாரோ, அது அவன் அருளால் அவரிடம் திரும்பி வருவதாக.