பொங்கல் பாறைக்கு விருந்தாளிகள்

“மெதுவா நடங்க. இன்னைக்கு நம்மள யாரும் வெரட்டப் போறதில்ல” என்றாள் சண்முகவடிவு.

முன்னால் விறுவிறுவென்று ஏறிக்கொண்டிருந்த மீனம்மா சட்டென்று நின்றாள். கூட வந்த வேலாயியும் நின்றாள். இருவரும் நல்ல சேலை உடுத்தி, தலையில் பூ வைத்திருந்தார்கள். வெறும் கைகளை என்ன செய்வது என்று தெரியாமல் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

இலங்கை மலைநாட்டில், டயகமவுக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில் மாதர் சங்கம் புதிதாக ஒரு நடைச் சுற்றுலா தொடங்கியிருந்தது. உள்நாட்டுச் சண்டை ஓய்ந்து, நுவரெலியாப் பக்கம் வெளியாட்கள் மறுபடி வரத் தொடங்கியிருந்த வருடம். வேன் இல்லை, ஹோட்டல் இல்லை. மலையில் நிதானமாக நடப்பது, ஊர்க் கதை கேட்பது, தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் சமைத்ததைச் சாப்பிடுவது, அவ்வளவுதான். வழிகாட்டியாகச் சண்முகவடிவுக்கு இதுதான் முதல் நடை. சொதப்பினால் சங்கத்தில் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள்.

“இது என்ன ஓடை?” என்று கேட்டாள் மீனம்மா.

சண்முகவடிவு பதில் சொல்லிக்கொண்டே திரும்பியபோது, வேலாயியின் விரல்கள் பக்கத்துச் செடியில் ஒரு கொழுந்தைக் கிள்ளியிருந்தன.

“ஐயோ, விருந்தாளிங்க கொழுந்து கிள்ளக் கூடாதுங்க. பாக்க மட்டுந்தான்!”

“மன்னிச்சுக்கங்க, கை சும்மா இருக்க மாட்டேங்குது” என்று வேலாயி சிரித்தாள்.

உச்சியில் இருந்த பாறைக்கு வந்து சேர்ந்தார்கள். சண்முகவடிவு தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

“இதுக்குப் பேரு பொங்கல் பாறைங்க. அந்தக் காலத்துல இந்தியாவுலேர்ந்து தோட்ட வேலைக்குக் காட்டு வழியா நடந்தே வந்தவங்க, மொதல்ல இங்கதான் பொங்கல் வச்சாங்களாம். அப்புறம்… அப்புறம்…”

மனப்பாடம் செய்ததெல்லாம் மறந்துபோயிற்று. அவளுக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது. அந்த நேரம் பார்த்துப் பனிமூட்டம் விலகியது. கீழே ஓடை, கோயில் கோபுரம், வரிசையாக லயத்துத் தகரக் கூரைகள், அதற்கப்பால் மலைக்குப் பின்னால் மலை.

“பாருங்க” என்று மட்டும் சொன்னாள்.

மீனம்மாவும் வேலாயியும் பாறையின் விளிம்புக்கு வந்து நின்று பார்த்தார்கள்.

பிறகு அவள் ரொட்டியும் சம்பலும் எடுத்து வைத்தாள். போத்தலைத் திறந்து தேத்தண்ணி ஊற்றப் போனபோது மீனம்மா உதவிக்கு எழுந்தாள்.

“நீங்க உக்காருங்க. நாந்தான் ஊத்தித் தரணும்.”

மீனம்மா கூச்சத்தோடு உட்கார்ந்து, கோப்பையை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டாள்.

“மறைக்காமச் சொல்லுங்க, எப்படி இருந்துச்சு?” என்று கேட்டாள் சண்முகவடிவு. “கதையத்தான் பாதியில விட்டுட்டேன்.”

“கதை கெடக்குது, இது ஒத்திகைதானே. அடுத்த ஞாயிறு வரப்போற வெள்ளைக்காரங்களுக்கும் இப்படியே பேசாம நின்னு காட்டு புள்ள” என்றாள் மீனம்மா. அவள் கண்கள் கீழே விரிந்த பள்ளத்தாக்கை விட்டு அகலவில்லை. “நானும் வேலாயியும் வயசுக்கு வந்ததுலேர்ந்து இதே மலையிலதான் கொழுந்து எடுக்குறோம். தலையில கூடைக் கயிறு இல்லாம, நிமிந்து இதப் பாத்தது இன்னைக்குத்தான். விடிஞ்சா வேலைக்குப் பேரு குடுக்கப் பெரட்டுக்குப் போய் நிக்கணும்; இன்னும் செத்த நேரம் விருந்தாளியாவே இருந்துட்டுப் போறோமே!”