நாற்பத்தொரு கிலோ சங்கரி

மருமகள் சங்கரியை ஒச்சம்மாள் பட்டினி போடுகிறாள் என்று கொச்சி மட்டாஞ்சேரியில் அந்த வரிசை வீடுகள் ஒன்பதிலும் பேச்சு.

ஆதாரம் ஒச்சம்மாள் வீட்டுச் சுவரிலேயே தொங்கியது. கல்யாண போட்டோவில் சங்கரி பூசினாற்போல நிற்பாள். மூன்று வருஷம் கழித்து இப்போது பார்த்தால் முகம் என்னவோ அதே முகம்தான். கழுத்துக்குக் கீழேதான் ஆள் மாறிப்போயிருந்தாள்.

சங்கரிக்கு இஞ்சி கோடவுனில் தரம் பிரிக்கிற வேலை. அங்கே மூட்டை நிறுக்கும் தராசில் ஒருநாள் விளையாட்டாக ஏறி நின்றாள். நாற்பத்தொரு கிலோ. சாயங்காலத்துக்குள் அந்தக் கணக்கு தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது.

பக்கத்து வீட்டு பாக்கியலக்ஷ்மிக்குத்தான் கவலை அதிகம். ஒச்சம்மாளின் மகன் அழகருக்குத் தோப்பும்படி மீன்பிடித் துறைமுகத்தில் வேலை, வீட்டில் மீனுக்குப் பஞ்சமில்லை, அதெல்லாம் எங்கே போகிறது என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அவள் தொல்லை தாங்காமல் ஒச்சம்மாள் மருமகளை டாக்டரிடம் கூட்டிப்போனாள்.

டாக்டர் ரத்தம் பார்த்தார், சாப்பாடு, தூக்கம், மாத விலக்கு எல்லாம் விசாரித்தார். உயரத்துக்கு எடை கம்மிதான், ஆனால் ஒரு குறையும் இல்லை, சில பேருக்கு உடம்புவாகே இப்படி, திடீரென்று இளைத்தால் மட்டும் கூட்டிவாருங்கள் என்று அனுப்பிவிட்டார்.

"திடீர்னு இளைச்சதுதானே சேச்சி? போட்டோவைப் பாருங்க, அல்லே?" என்றாள் பாக்கியலக்ஷ்மி.

ஒச்சம்மாள் வாய்க்குப் பயந்து மீன்காரர்களே தராசை ஒழுங்காகப் பிடிப்பார்கள். அப்படிப்பட்டவள் இந்த ஒரு பேச்சுக்கு மட்டும் வாயைத் திறப்பதில்லை. குற்றமுள்ள நெஞ்சு, வேறென்ன என்று தெரு முடிவு கட்டியது.

சங்கரியே ஒருமுறை அந்த போட்டோவைக் கழற்றப் போனாள். ஒச்சம்மாள் விடவில்லை. "அது பாட்டுக்கு இருக்கட்டும். அழகா இருக்க அதுல" என்றாள்.

போன ஞாயிற்றுக்கிழமை சங்கரியின் அம்மா அமுதவள்ளி ஆண்டிப்பட்டியிலிருந்து வந்தாள். இதற்காகவே காத்திருந்த மாதிரி பாக்கியலக்ஷ்மி இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"நிங்கள் சொல்லுங்க அம்மா. வீட்ல இருந்தப்போ பொண்ணு இப்படியா இருந்தா?"

அமுதவள்ளி போட்டோவைப் பார்த்தாள். ஒச்சம்மாளைப் பார்த்தாள்.

"எங்க வீட்ல... நல்லாத்தான் இருந்தா."

அப்படியானால் ஒரு மாசம் கூட்டிக்கொண்டு போய்த் தேற்றி அனுப்பச் சொன்னாள் பாக்கியலக்ஷ்மி. மற்ற இருவரும் ஆமோதித்தார்கள். அமுதவள்ளியும் மெதுவாகத் தலையை ஆட்டிவைத்தாள்.

சங்கரிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கோடவுன் வேலை போய்விடும் என்பதுகூட இல்லை. மாமியார் தலையில் இந்தப் பழியை ஏற்றிவைத்துவிட்டு எப்படிப் போவது?

"அம்மா, அந்த போட்டோல..."

"சாயா பொங்குது, போய்ப் பாரு" என்றாள் ஒச்சம்மாள்.

அடுப்பையே இன்னும் பற்றவைக்கவில்லை.

சங்கரி உள்ளே போனதும் ஒச்சம்மாள் அமுதவள்ளி பக்கம் திரும்பினாள். "தப்பு எம்மேலதான். நான் சரியா கவனிக்கல" என்றாள்.

பாக்கியலக்ஷ்மியின் முகத்தில் அப்படியொரு திருப்தி. மூன்று வருஷமாக அவள் காத்திருந்த வார்த்தை அல்லவா.

"கூட்டிட்டுப் போறதுன்னா போங்க சம்பந்தியம்மா. அவ துணியெல்லாம் உள்ரூம்ல டிரங்குப் பெட்டியில இருக்கு. அடியில கல்யாணத் துணியும் இருக்கு. நீங்க மட்டும் போய் எடுத்துக்கோங்க."

உள்ளே போன அமுதவள்ளி வெகுநேரம் வரவில்லை. சங்கரி நிஜமாகவே சாயா போட்டு, எல்லோருக்கும் கொடுத்து, தம்ளர்களைக் கழுவியும் வைத்துவிட்டாள்.

கடைசியில் வந்தபோது அமுதவள்ளியின் கையில் துணி எதுவும் இல்லை. கண் சிவந்திருந்தது.

"சங்கரி இங்கயே இருக்கட்டும்."

"ஏன்? எந்து பற்றி?" என்றாள் பாக்கியலக்ஷ்மி.

"நான் சொன்னது பொய். எங்க வீட்ல அவ முப்பத்தெட்டு கிலோ. ஒல்லின்னு ரெண்டு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வேண்டாம்னுட்டுப் போயிட்டாங்க. இதுவும் நின்னுடுமோன்னு பயம். பொண்ணு பாக்க வந்தன்னைக்கும் சரி, கல்யாணத்தன்னைக்கும் சரி, ரவிக்கையில பஞ்சு வச்சுத் தச்சு, சேலைக்குள்ள மூணு பாவாடையக் கட்டி நிறுத்தினேன். இன்னைக்கு வரைக்கும் இவங்களுக்குத் தெரியாதுன்னே நெனச்சிருந்தேன். எல்லாத்தையும் துவைச்சு மடிச்சுப் பெட்டிக்கடியில வச்சிருக்காங்க."

பாக்கியலக்ஷ்மி போட்டோவைப் பார்த்தாள், பிறகு தன் காலைப் பார்த்துக்கொண்டாள். அமுதவள்ளியால் ஒச்சம்மாள் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

ஒச்சம்மாள் எழுந்து சேலைக் கொசுவத்தை உதறிச் சரிசெய்தாள்.

"மூணு இல்ல சம்பந்தியம்மா, நாலு. நாலாவதை மூணு வருஷமா நான்தான் கட்டிக்கிட்டிருக்கேன்."