செவலை தின்ற பிண்ணாக்கு

இந்தக் காலத்து ஆட்கள் கேட்டதற்கு நேராகப் பதில் சொல்வதில்லை.

"கரும்புக்கு எருவா இன்னா பிண்ணாக்குடா போட்ட?" என்று கேட்டால், "நாயைக் கட்டி வெச்சிருக்கலாமே மாமா" என்கிறான் பக்கத்து நிலத்து இருசப்பன்.

என் நாய் செவலை தோளில் துவண்டு கிடந்தது. மூன்று தடவை கக்கிவிட்டது. கடைசித் தடவை நுரையில் ரத்தம்.

மணிலாப் பிண்ணாக்கு என்றால் பயமில்லை; வேர்க்கடலைச் சக்கைதான். மாடு தின்பதுதான். அரிசி கண்ணில் படாத இந்தச் சண்டைக்காலத்தில் மனுஷனும் தின்கிறான்.

ஆமணக்குப் பிண்ணாக்கு என்றால் ஒரு கட்டி போதும். குடலை அறுத்துவிடும்.

சேற்றில் ஊறிக் கிடந்தால் இரண்டும் ஒரே கறுப்பு.

"இன்னா பிண்ணாக்கு? அத்தச் சொல்லுடா!"

நான் பதறியதைப் பார்த்துச் சிரித்தான்.

"ஒரு நாய்க்கா இப்படி ஓடியாந்த? மணிலாதான் மாமா. வில்லியனூர் சந்தையில அப்படித்தான் சொல்லிக் குடுத்தான்."

சொல்லிக் கொடுத்தானாம். கொடுத்தவன் எதைக் கலந்தானோ.

"உன்ன நம்ப வெக்க முடியுமா?" என்று வரப்பில் இருந்த பிண்ணாக்குச் சாக்கில் கைவிட்டு, ஒரு துண்டை உடைத்து வாயில் போட்டுக்கொண்டான்.

மென்றதைப் பார்த்தேன். விழுங்கியதைப் பார்க்கவில்லை.

களை எடுத்துக்கொண்டிருந்த அவன் பெண்டாட்டி கனகாம்பாள் நிமிர்ந்தாள்.

"எதுவா இருந்தா இன்னா, புளிச்ச மோரை ஊத்து மாமா. மிச்சமும் வெளிய வந்துடும்."

"எவ்ளோ ஊத்தணும்?"

"நாய்க்கு அரைச் செம்பு போதும்."

திரும்பி நடந்தேன். முதுகுக்குப் பின்னால் துப்புகிற சத்தம் கேட்டது. வெற்றிலையோ, பிண்ணாக்கோ. திரும்பிப் பார்க்கத் தைரியமில்லை.

நேற்றுச் சாயங்காலம், யாரும் இல்லாத நேரம் பார்த்து, இவன் கரும்பு வரிசைச் சேற்றில் இரண்டு கட்டி பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டு போனவன் நான்தான்.

ஒன்றைச் செவலை கவ்விக்கொண்டு ஓடிவிட்டது.

மற்றதை என் பெண்டாட்டி தையலம்மாள் கழுவி இடித்து, காலையில் கஞ்சியில் கரைத்தாள். எனக்குப் பசியில்லை என்று சொல்லி, அவளையே முழுவதும் குடிக்க வைத்தேன். அவள் பானையைக் கவிழ்த்த பிறகுதான் நாய் கக்கத் தொடங்கியது.

மணிலாதானாம்.

வேகமாக நடந்தேன். மனுஷிக்கு எத்தனை செம்பு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.