கூடாரத்தைச் சுற்றிய கரடி

கரடி இன்றைக்கும் கூடாரத்தைச் சுற்றிவிட்டுப் போயிருந்தது. எடெய்கோ வாசல் தோலைக் கையகலம் விலக்கி மனைவிக்குக் காட்டினான். பனியில் தட்டு அளவுக்கு ஒரு தடம்.

"பாத்துக்க. நேத்தைவிடக் கிட்ட வந்திருக்கு."

"நான் இன்னிக்குப் போயே ஆகணும்யா," என்றாள் சேவ்னே. மதியம் குடியிருப்புக்கு ஹெலிகாப்டர் வரும். அதை விட்டால் அடுத்த மாதம்தான். அதற்குள் நகரத்தில் நர்ஸ் படிப்புக்குக் கிடைத்த இடம் போய்விடும்.

"போகாதேன்னு நானா சொல்றேன்? கரடிகிட்டப் போய்க் கேளு."

"சுட்டுத் தொலைக்க வேண்டியதுதானே?"

"கண்ணுல பட்டாத்தானே சுடுறதுக்கு! ராத்திரி பூரா வெளிய காவல் நின்னவன்டி நான். கொஞ்சம் தூங்க விடு."

துப்பாக்கியைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு படுத்தான். நாய்களும் மான் மந்தையோடு அவன் தம்பியிடம் போயிருந்தன. முதல் தடம் தெரிந்த நாளிலிருந்து அவள் உள்ளேயே அடைந்து கிடந்தாள். விறகு, பனிக்கட்டி எல்லாம் அவனே கொண்டுவந்தான். அப்பனோடு வேட்டைக்குப் போய்த் தடம் பழகியவள்தான். வாசல் இடுக்கில் என்னத்தைப் பார்ப்பது?

அடுப்பில் 'சொய்ங்' என்றது. நிமிர்ந்தாள். கம்பத்தில் தொங்கிய கரடிப் பாதத்திலிருந்து இன்னொரு சொட்டு விழுந்தது. மாமனார் சுட்ட கரடியின் இடது முன்பாதம். சத்தியம் செய்வதென்றால் ஆண்கள் அதன்மேல்தான் கைவைப்பார்கள், பெண்கள் தொடக்கூடாது. கூரைப் பனி உருகி ஒழுகுகிறது போலும்.

புகையும் குறட்டையும் கழுத்தை நெரித்தன. இங்கே கிடந்து சாவதற்குக் கரடி வாயிலேயே சாகலாம். துப்பாக்கியை மெல்ல உருவிக்கொண்டு வெளியே வந்தாள்.

கட்டிப்போட்டிருந்த வண்டி மான்கள் நிம்மதியாக அசைபோட்டன. கரடி அவற்றின் பக்கமே போகவில்லை.

தடத்தருகே குந்தி, பெரிய விரல் எந்தப் பக்கம் என்று பார்த்தாள். அடுத்த தடத்தையும் பார்த்தாள். அப்படியே கூடாரத்தை ஒரு சுற்றுச் சுற்றினாள். பிறகு அவசரமே இல்லாமல் மான்களைச் சறுக்குவண்டியில் பூட்டினாள்.

சத்தம் கேட்டு எடெய்கோ தலையை நீட்டினான். "ஏய்! பைத்தியமாடி உனக்கு? கரடி துரத்திக்கிட்டு வரும்டி!"

சேவ்னே துப்பாக்கியை அவன் பக்கம் வீசிவிட்டு, வண்டிக்கோலை ஓங்கினாள்.

"வரட்டும்யா. நாலுமே இடது காலா இருந்தா அது எவ்வளவு தூரம் ஓடிடும்?"