ஏழாவது தட்டு

மாமா ஆறு பெயர்களைக் கூப்பிட்டுவிட்டு நிறுத்திக்கொண்டார்.

ஏழாவது பெயர் அவர் மகனுடையது, என் கணவருடையது.

மாமா கையில் விளக்குக்குப் பதிலாக ஒரு பைன் மரச் சிராய் எரிந்துகொண்டிருந்தது. மேசை போட்டிருந்த குளியல் கொட்டகையின் ஜன்னலில் இன்னும் கொஞ்சம் வெளிச்சம் மிச்சமிருந்தது. மேசையில் வேகவைத்த பட்டாணி, வறுத்த பன்றி இறைச்சி, கறுப்பு ரொட்டி, ஒரு குடம் பீர். ஏழு தட்டுகளையும் நான்தான் வைத்திருந்தேன். வைக்கும்போது அவர் வேண்டாமென்று சொல்லவில்லை.

எங்கள் பக்கத்தில் அக்டோபர் செத்துப்போனவர்களுடைய மாதம். வீட்டுக்குப் பெரியவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவர்கள் உள்ளே வந்து சாப்பிடுவார்கள். கூப்பிடாதவர் வாசலிலேயே நின்றுவிட்டுப் பசியோடு திரும்ப வேண்டியதுதான். அப்புறம் அடுத்த வருஷம்தான்.

நான் கூப்பிட்டால் செல்லாது. மாமாதான் கூப்பிட வேண்டும்.

அதற்காகத்தான் இந்த மாதம் முழுக்க, சனிக்கிழமை தவறாமல் வால்மியெரா நகரத்திலிருந்து பஸ் பிடித்து வந்தேன். அவரோடு உருளைக்கிழங்கு தோண்டினேன். ஆப்பிள் பொறுக்கினேன். சதுப்பில் முழங்கால் நனைய கிரான்பெரி பறித்தேன். எனக்கு இதெல்லாம் ஆகாத வேலை. முதுகு விட்டுப்போய்விட்டது.

ஒரு நாள் காட்டில் காளான் பறிக்கும்போது, நல்ல மனநிலையில் இருக்கிறார் என்று நம்பிக் கேட்டேன்.

“ராய்விஸ் பேரையும் கூப்பிடுவீங்கல்ல மாமா?”

அவர் என் கூடையிலிருந்து ஒரு காளானை எடுத்துத் தூர வீசினார். “இதைத் தின்னா நீயும் சேர்ந்துதான் அந்த மேசைக்கு வருவ. கண்ணை எங்கம்மா வச்சிருக்க?”

தன் கூடையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்துவிட்டார்.

தாத்தா வளர்த்த காட்டில் தன் பங்கை ராய்விஸ் மரக் கம்பெனிக்கு விற்றுவிட்டார். அன்றிலிருந்து அப்பாவும் மகனும் முகம் பார்த்துப் பேசியதில்லை. இந்த மார்ச்சில் ஏரியில் மீன் பிடிக்கப் போன இடத்தில் பனி உடைந்து ராய்விஸ் தண்ணீருக்குள் போனார். சவப்பெட்டியை மூடும்போதுகூட மாமா வாய் திறக்கவில்லை.

செத்த பிள்ளையிடமுமா இந்த வீம்பு என்று எனக்கு வயிறு எரிந்தது.

பெயர்கள் முடியும்வரை பெரியவரைத் தவிர யாரும் பேசக்கூடாது. நான் பேசினேன்.

“மாமா, கூப்பிடுங்க. வெளியில குளுருது.”

அவர் என்னைப் பார்க்கவில்லை. சிராய் அவர் விரல்வரை எரிந்து வந்துவிட்டது. அதன் நெருப்பில் அடுத்ததைப் பற்றவைத்துக்கொண்டார். இரண்டு தடவை தவறியது.

“போன வருஷமே கூப்பிட்டுட்டேம்மா.”



“இதே இடத்துலதான். உன் அத்தை ஸென்டாவைக் கூப்பிட்டேன். அவ பேரோட இவன் பேரும் வாய்ல வந்துடுச்சு. என்னைப் பொறுத்தவரைக்கும் அவன் செத்தவன்தான்னு அவ்வளவு கோவம். உயிரோட இருந்த பிள்ளையை, போனவங்களோட சேர்த்து இந்தப் பாழாப்போன வாயால கூப்பிட்டேன். அஞ்சு மாசத்துல போய்ட்டான். நான் கூப்பிட்டுத்தான் போனான். இன்னொரு தடவை எப்படிம்மா கூப்பிடுவேன்?”

எழுபத்தாறு வயது மனிதர். சிராயைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி தேம்பினார்.

வீம்பு என்று நினைத்திருந்தேன். எனக்கே வெட்கமாக இருந்தது.

“தெரியும் மாமா,” என்றேன். “அன்னைக்கு நாங்க வந்திருந்தோம். உங்களோட சமாதானமாப் போயிடலாம்னு அவர்தான் கிளம்பினார். இந்தக் கதவுக்கு வெளியிலதான் நின்னோம். நீங்க கூப்பிட்டது கேட்டுச்சு.”

அவர் மெல்ல நிமிர்ந்தார். அந்த முகத்தை நான் அதுவரை பார்த்ததில்லை.

“அவன் கேட்டானா?”

“கேட்டார்.”

“கேட்டுட்டு என்ன பண்ணான்?”

“சிரிச்சார், மாமா. ‘பாத்தியா டைகா, என்னதான் கோவம்னாலும் அப்பா எனக்கும் சாப்பாடு வச்சிருக்கார்’னு சொல்லிச் சிரிச்சார். கேட்டுட்டோம்னு தெரிஞ்சா நீங்க சங்கடப்படுவீங்களேன்னுதான் உள்ள வரலை. கோவம் ஆறட்டும், வசந்தத்துல வரலாம்னார்.”

“சிரிச்சானா?”

“ஆமா மாமா.”

“நெசமாவா?”

“நெசமா.”

சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கதவை முன்னைவிட அகலமாகத் திறந்துவைத்தார். இருட்டத் தொடங்கிய தோட்டத்திலிருந்து மூடுபனியும் அழுகிய ஆப்பிள் வாசனையும் உள்ளே வந்தன.

“ராய்விஸ்,” என்று கூப்பிட்டார். குரல் உடைந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடியும் கூப்பிட்டார். “ராய்விஸ், வாப்பா. வந்து சாப்பிடு.”

பிறகு ஏழாவது தட்டில் அவரே பட்டாணியை அள்ளி வைத்தார். கூடவே இறைச்சியில் நல்ல துண்டாகப் பார்த்து ஒன்று.

ராய்விஸ் அன்று சிரிக்கவில்லை. திரும்பிப் போன நாற்பது கிலோமீட்டரும் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு வெகுநேரம் அழுதார்.

இந்த மேசையில் அது இரண்டு பேருக்குத்தான் தெரியும்: எனக்கும், ஏழாவது தட்டுக்கு வந்தவருக்கும்.