மருந்து பூசிய கைப்பிடி

ஆஸ்பத்திரியில் குறைமாதக் குழந்தைகள் இருக்கும் அறையின் கதவுக் கைப்பிடிக்குக் கிருமி கொல்லும் மருந்து பூசினார்கள்.

"இனி என்னைத் தொடுகிற யாருக்கும் நோய் ஒட்டாது" என்றது கைப்பிடி.

"அவர்கள் கொண்டுவருகிற நோய்?" என்று கேட்டது பக்கத்திலிருந்த தண்ணீர்க் குழாய்.

கைப்பிடிக்கு அந்தக் கேள்வி பிடிக்கவில்லை.

தங்கையின் குழந்தையைப் பார்க்க எஸ்தர் மூக்கைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"கை கழுவிட்டு வாக்கா" என்றாள் தங்கை.

"கைப்பிடிக்கே மருந்து பூசியிருக்காங்களேடி!" என்ற எஸ்தர், உள்ளே போய்க் குழந்தையின் கன்னத்தைத் தடவினாள்.

அடுத்த வாரம் காய்ச்சல் கண்டு குழந்தை இறந்துபோனது.

"என்மேல் ஒரு கிருமிகூட இல்லையே" என்று புலம்பியது கைப்பிடி.

எஸ்தர் குழாயைத் திறந்துவிட்டு, அழுதபடி கைகளைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள்.